உண்ணிக் காய்ச்சலும் என் பொறாமையும்

பெரம்பலூரில் அக்காவின் கையை டாக்டர் தூக்கிப் பார்த்தபோதுதான் அக்குளில் இருந்த கறுப்புப் பொருக்கை நானும் பார்த்தேன். பீடி நெருப்பால் சுட்டதுபோல இருந்தது. "உண்ணி கடிச்சிருக்கும்மா. அதான் காய்ச்சல் விடல" என்றார். அக்கா என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. ஆட்டுக்குத் தழை ஒடிக்க வேப்பந்தட்டை மலையடிவாரத்துக்குத் தினமும் போய்வருவார். மாத்திரையில் காய்ச்சல் இறங்கியது. ஆனால் இரண்டு காதும் அடைத்துப்போயின. "சில பேருக்குக் காது திரும்பக் கேக்கும், பாப்போம்" என்றார் டாக்டர்.

அக்காவுக்குப் பிள்ளையில்லை. அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் பள்ளி விட்டு வந்ததும் அக்காவின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்வாள். யாரோடு சண்டை, எந்த டீச்சர் திட்டினார், கணக்கில் ஏன் மார்க் குறைந்தது, எல்லாம். என்னவென்று நான் அடுப்படியிலிருந்து கேட்டால், "ஒண்ணுமில்லம்மா" என்பாள்.

எனக்கு வயிறு எரியும். அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று முணுமுணுக்கப் பழகினேன். கேட்கவா போகிறது? ஒருநாள் அவர் வயலில் பிடுங்கிவந்த சின்ன வெங்காயத்தின் காய்ந்த தாளை அரிந்துகொண்டிருந்தார். "செவிடானாலும் யோகம் இவளுக்குத்தான். எம் புள்ளையையும் எடுத்துக்கிட்டா" என்றேன்.

அரிவாள்மனையில் கை நின்றது. திரும்பாமலே சொன்னார்: "வலது காது கேக்க ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு, புள்ள."

அவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். "ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா பாப்பா எம் மொகத்தப் புடிச்சுப் பேசறத நிறுத்திருவா. இப்ப சொல்லாத, என்ன?"

அன்று சாயங்காலமே சொல்லிவிட்டேன். "பெரியம்மாவுக்குக் காது கேக்குது!" என்று மகள் தெருவெல்லாம் ஓடினாள். அக்கா சிரித்தார். என்னைப் பார்க்கவில்லை. அதற்குப்பின் மகள் அவர் முகத்தைப் பிடிக்கவில்லை. நடந்தபடியே ஏதாவது சொல்லிவிட்டுப் போனாள். என்னிடமும் வந்து உட்கார்ந்துவிடவில்லை.

இப்போது அவள் அரியலூரில் குடித்தனம் நடத்துகிறாள். போனில் என்னிடம், "சாப்டியாம்மா? பெரியம்மாகிட்ட குடு." அக்காவின் இடது காது திரும்பவே இல்லை. வலது காதில் போனை வைத்துவிட்டு அங்கேயே நிற்பேன். நான் அன்று முணுமுணுத்ததை அக்கா இதுவரை அவளிடம் சொன்னதில்லை. அதை நினைத்தாலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.