வேண்டாத மெசேஜ் நிறுத்தித் தரப்படும்

செல்போன் கடைக்காரன் பிழைப்பில் பாதி விற்பது, மீதி திட்டு வாங்குவது. காலையில் கண்ணைத் திறந்ததும் லோன்காரன் மெசேஜில் முழிக்கிற உங்களுக்கு இது புரியும். பரவை காய்கறி மார்க்கெட் பக்கம் கடை வைத்திருக்கிறேன். சும்மா இருக்க மாட்டாமல், ‘வேண்டாத மெசேஜ் நிறுத்தித் தரப்படும்’ என்று ஒரு போர்டு எழுதி மாட்டினேன். சிலருக்கு வாயில் கொழுப்பு, எனக்குப் போர்டில்.

முதல் போணி

தக்காளி விற்கும் முத்துலட்சுமி அக்காதான் முதலில் வந்தார். லோன் தருகிறோம், லோன் தருகிறோம் என்று ஓயாமல் மெசேஜாம். விளம்பரம் வேண்டாம் என்று அவர் போனிலிருந்தே எழுதி அனுப்பினேன். ‘உங்கள் கோரிக்கை கிடைத்தது’ என்று உடனே ஒரு மெசேஜ். ‘பதிவாகிவிட்டது’ என்று இன்னொன்று. ‘அமலுக்கு வரச் சில நாள் ஆகும்.’ ‘எங்கள் சேவை திருப்தியா?’ அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

“போதும்டா சாமி! நீ நிறுத்த நிறுத்தல்ல கூட வருது!”

என் மூளை

அந்த அவமானத்தில் ஒரு ஆப்பைத் தேடிப் பிடித்தேன். நாம் கொடுக்கிற வார்த்தை எந்த மெசேஜில் இருந்தாலும், அது சத்தமில்லாமல் தனிப் பெட்டிக்குப் போய்விடும். அந்த ஆப்பைச் செல்வம் அண்ணன் போனில் ஏற்றினேன். டி. கல்லுப்பட்டி பக்கத்திலிருந்து கத்திரிக்காய் கொண்டுவருபவர். அவருக்கு நகைக்கடை விளம்பரம்தான் தொல்லை. காதுகுத்துக்குத் தோடு, முகூர்த்தத்துக்குச் செயின்! ‘ஆஃபர்’, ‘காதுகுத்து’, ‘முகூர்த்தம்’ மூன்றையும் தடுத்துவிட்டேன். அடுத்த வாரம் அண்ணன் தேடி வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

“மாப்ள, போனு மூச்சுவிடாமக் கெடக்கு. கெட்டிக்காரன்டா நீ!”

கெட்டிக்காரன் மாட்டியது

கொஞ்ச நாள் கழித்து அதே அண்ணன் முகம் செத்துப்போய் வந்து நின்றார். தங்கச்சி வள்ளியோடு இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. வள்ளி மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை திருவாதவூரில் காதுகுத்து என்று மார்க்கெட்டில் யாரோ சொல்லித்தான் அவருக்கே தெரியுமாம். “தாய்மாமன் குத்துக்கல்லாட்டம் நான் இருக்கேன். புள்ளைய எவன் மடியில உக்கார வைப்பா? எனக்கு ஒரு வார்த்த சொல்லலையே மாப்ள” என்றார். குரல் உடைந்துவிட்டது.

போனை வாங்கி அந்தத் தனிப் பெட்டியைத் திறந்தேன். தோடு, ஜிமிக்கி விளம்பரங்களுக்கு நடுவே வள்ளியின் மெசேஜ் இரண்டு கிடந்தன. ‘அண்ணே, பேசுனா அழுதுருவேன், அதான் எழுதுறேன். பாப்பாவுக்குக் காதுகுத்து. உன் மடிதாண்ணே.’ அடுத்தது: ‘நீ வராட்டி இந்தக் காதுகுத்தே வேணாம்ணே. ஒரு பதில் போடு.’

அடி விழும் என்று எட்டவே நின்றுகொண்டு, “நாந்தாண்ணே இத நிறுத்துனது” என்றேன். அவர் திரும்பத் திரும்பப் படித்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தங்கச்சிக்குப் போன் போட்டு, “ஏ கழுத, அழுகாத. வாரேன்” என்றார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார்.

“நீயும் வார. அவ முன்னாடி நின்னு ஒன் வாயால சொல்ற. நான் சொன்னா நம்ப மாட்டா.”

திருவாதவூரில்

மாமன் மடியில் பாப்பா வீறிட்டு அழுதது. மாமன் அதைவிட அழுதார். அப்புறம் வள்ளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, குற்றவாளி நான்தான் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வள்ளி முழுக்கக் கேட்டது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, புருஷனுடைய போனை என் கையில் திணித்தது.

“அது கெடக்கட்டும்ணே. எங்க மாமியா இவருக்கு நாள் பூராம் மெசேஜ் போடுது. அதுக்கு எந்த வார்த்தைய நிறுத்தணும்?”

ஆக, நம் தொழில் லட்சணம் இம்புட்டுதான்: நிற்க வேண்டியது நிற்காது, வர வேண்டியது வராது, நடுவில் நமக்கு ஒரு வேளை கறிச்சோறு கிடைக்கும்.