பொட்டலத்தில் படம் இல்லை

எனக்கு அந்நியர் வீட்டு வாசலில் நின்று கூப்பிட வராது. இன்றைக்கும் வராது. கதவை லேசாகத் தட்டிவிட்டு, யாராவது எட்டிப் பார்க்கும்வரை கால் மாற்றி நின்றுகொண்டிருப்பேன். அப்படிப்பட்டவள் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலையில் சேர்ந்ததை நினைத்து என் தங்கை இப்போதும் சிரிப்பாள். அந்த வேலையில் நானாக எதுவும் பேச வேண்டியதில்லை என்பது அவளுக்குத் தெரியாது. கேள்விகளை வேறு யாரோ எழுதியிருப்பார்கள். டேப்லெட்டில் வருவதை வாசித்து, பதிலை அழுத்தினால் போதும். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன, கூச்சம் பிடித்த ஒருத்திக்கு அதைவிடத் தோதான வேலை அமையாது.

புகையிலையைக் குறைக்க அரசாங்கங்கள் செய்வதெல்லாம் ஜனங்களைப் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் கணக்கெடுப்பு அது. பாக்கெட்டின் மேல் போடும் எச்சரிக்கைப் படம், பொது இடத்தில் தடை, விலையேற்றம் எல்லாவற்றைப் பற்றியும் கேட்போம். இதே கேள்விகளைப் பல நாடுகளில் அந்தந்த ஊர் மொழியில் கேட்கிறார்கள் என்று தாம்பரத்தில் நடந்த பயிற்சியில் சொன்னார்கள். ஒரு முறை கேட்டவரையே, காலம் விட்டு, தேடிப் போய் மறுபடியும் கேட்க வேண்டும். அவர் மாறியிருக்கிறாரா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியது.

பயிற்சி முழுக்க எங்கள் மேற்பார்வையாளர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். “புத்தி சொல்லாதீங்க. ‘ஐயையோ’ன்னு மூஞ்சிய மாத்தாதீங்க. நீங்க முகம் சுளிச்சீங்கன்னா அடுத்த பதில் பொய்யாதான் வரும். போஸ்ட் கம்பம் மாதிரி உக்காந்திருக்கணும், புரியுதா?”

மற்றவர்கள் இதற்குத் திணறினார்கள். எனக்குச் சுலபமாக வந்தது.

பம்மலில் தோல் பட்டறைகள் இருக்கும் ஒரு தெரு எனக்கு வந்தது. பட்டறை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகளில் ஒரு குடும்பம். கணவர் கீழே பெல்ட்டுக்குத் தோல் வெட்டுபவர், மாவா போடுகிறவர். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்து, தடையை மீறித் திருட்டுத்தனமாக விற்கும் பொட்டலம் அது. மனைவி பள்ளிக்கூடத்தில் ஆயா. முதல் முறை போய், பல நாடுகளில் நடக்கும் கணக்கெடுப்பு என்ற அறிமுகத்தை வாசித்தபோது அவர் வாய் நிறையச் சிரித்தார். காவி ஏறிய பற்கள் எல்லாம் தெரிந்தன.

“ஃபாரின்காரன் என்னிய இன்னாத்துக்குத் தேடுறான் மேடம்? பொண்ணு கிண்ணு குடுக்கப் போறானா?”

“ஆமா, இந்த வாய்க்குப் பொண்ணு வேற,” என்றாள் மனைவி.

பாக்கெட்டின் மேல் இருக்கும் எச்சரிக்கைப் படத்தைக் கவனித்ததுண்டா என்று வாசித்தேன்.

“பாக்கெட்டா? பொட்டிக்கடைல பிளாஸ்டிக் பேப்பர்ல வெச்சுத் தேச்சு, நூலு சுத்திக் குடுப்பான். அதுல எங்க மேடம் படம்? படம் போட்டு வித்தா அவனைப் போலீஸு இட்டுகினு போயிடும்.”

‘கவனித்ததில்லை’ என்று அழுத்தினேன். தினம் எத்தனை முறை போடுகிறார், எத்தனை வயதில் ஆரம்பித்தார், உடம்பு எப்படியிருக்கிறது என்று நீளமாகக் கேட்டு முடித்து, நன்றி சொல்லி, இறங்கி வந்தேன். அவர் மாடியில் நின்று, “ஃபாரின்காரன நான் விசாரிச்சதா சொல்லு மேடம்” என்று கத்தினார். பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

அடுத்த ஆண்டு மறுபடியும் போனபோது மழை விட்டிருந்தது. சாக்கடை நாற்றமும் தோல் நாற்றமும் சேர்ந்து படியேறி வந்தன. வேலை நாள்தான், ஆனால் அவர் வீட்டில் இருந்தார். பக்கத்தில் ஒரு டம்ளரில் கஞ்சி. அதைத் தலையைச் சாய்த்து, வாயின் ஓர் ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தார்.

“வா மேடம். எக்ஸாமு வந்துட்ச்சா?” என்றார். பற்களை விலக்காமலே பேசினார்.

இடது கன்னம் உப்பியிருந்தது. மாவாவை அடக்கியிருக்கிறார், துப்பிவிட்டு வரட்டும் என்று டேப்லெட்டை மடியில் வைத்துக் காத்திருந்தேன். அவர் எழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துப்புவதற்கு அந்த வாயில் எதுவும் இல்லை என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது.

முகத்தை மாற்றாமல் முதல் கேள்வியை வாசித்தேன்.

புதுப் படங்கள் வந்திருந்ததால், இந்த முறை எல்லோருக்கும் ஓர் அட்டையைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். பாக்கெட்டில் போடும் படத்தைப் பெரிதாக அச்சடித்து லேமினேட் செய்த அட்டை. ஒரு மனிதரின் வாயும் கன்னமும், புண்ணோடு. அதை அவர் கையில் கொடுத்து, “இந்தப் படத்தை இதற்கு முன் பார்த்திருக்கிறீர்களா?” என்று வாசித்தேன்.

அவர் அட்டையைத் தள்ளிப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். கட்டை விரலால் அந்தக் கன்னத்தைத் தடவினார்.

“பாத்துகீறேன்.”

“எங்க பார்த்தீங்க அண்ணா? பாக்கெட்லயா, கடையிலயா, டிவியிலயா?”

“எங்க வூட்டுக் கண்ணாடில.”

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். உதடுகள் விலகின, தாடை திறக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்த பதில்களில் கண்ணாடி இல்லை. ‘மற்றவை’ என்பதை அழுத்தினேன். அடுத்த கேள்வி வந்தது. கடந்த ஓர் ஆண்டில் மருத்துவர் யாரையாவது பார்த்தீர்களா?

“இல்ல.”

“எத்தினி தபா தலப்பாடா அடிச்சிகினேன், கேட்டாத்தானே,” என்று சமையல் அறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. பேட்டியின்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது என்பதால் அவளை நான்தான் உள்ளே இருக்கச் சொல்லியிருந்தேன்.

“இன்னாத்துக்குப் போவணும்?” என்று அவர் அந்தப் பக்கம் திரும்பினார். “போன தபா மேடம் வந்து அல்லாத்தையும் கேட்டுகினு போனாங்கல்ல? எப்ப போடுற, எவ்ளோ போடுற, ஒடம்பு எப்டி கீது. அதையெல்லாம் ஃபாரின்ல ஒக்காந்து பாத்திருப்பான்ல? எதுனா கோளாறுன்னா ஒரு லெட்டர் போட்டிருக்க மாட்டான்? அவனே ஒண்ணும் சொல்லல. நீ இன்னா பெரிய டாக்டரு?”

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, நீயே சொல் என்பதுபோல் தலையசைத்தார். அந்த ஓர் ஆண்டு முழுக்க, வாயில் சின்னதாக ஏதோ தோன்றியது முதல், மிளகாய்க் காரம் பட்டு எரிந்தது முதல், இந்த மனிதர் என்னை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் கேட்டுவிட்டுப் போனதை, உடம்பைச் சோதித்துவிட்டுப் போனதாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் முகத்தை மாற்றாமல் உட்கார்ந்திருந்ததும், அவருக்கு ஒன்றுமில்லை என்று சொன்னதாக ஆகியிருக்கிறது.

டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்து வாசிப்பதற்கு எதுவும் இல்லை, நானாகத்தான் பேச வேண்டியிருந்தது.

“அண்ணா, அங்க யாரும் உங்களைப் பார்க்கல,” என்றேன். “உங்க பேர்கூட அங்க போகாது. எல்லார் பதிலையும் மொத்தமா சேர்த்துக் கணக்குப் போடுவாங்க, அவ்வளவுதான். யாரும் லெட்டர் போட மாட்டாங்க. உங்க வாயை இன்னும் ஒருத்தரும் பார்க்கல.”

மனைவி ஈரக் கையோடு வெளியே வந்தாள். “அப்ப போன தபா நீ எதுக்குக்கா வந்த?”

“எல்லாருக்கும் நல்லதுக்குத்தான்…” என்று ஆரம்பித்தேன்.

“எல்லாருக்கும்னா?”

“நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. தள்ளிப் போடாதீங்க,” என்று மட்டும் சொன்னேன். சொல்லக் கூடாது என்று பயிற்சி கொடுத்த வார்த்தைகள்தான். அவர் அட்டையை இன்னும் கையில் வைத்திருந்தார். பிறகு அதை என்னிடம் நீட்டி, “மீதியக் கேளு மேடம். பாதில வுட்டா உனக்குத்தான் பேஜாரு” என்றார். மீதியைக் கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பல்லாவரம் போகும் பேருந்தில் இருக்கும்போது மேற்பார்வையாளர் கூப்பிட்டார். “அந்த வீட்டுல நடுவுல ரொம்ப நேரம் டேப்லெட் சும்மா கெடந்திருக்கே, என்னக்கா?”

“தண்ணி குடிச்சேன் சார்.”

இந்த ஆண்டு பட்டியலில் அந்த வீடு மறுபடியும் வந்தது. டேப்லெட்டின் முதல் திரையிலேயே, ஆள் இருக்கிறாரா, வீடு மாறிவிட்டாரா, இறந்துவிட்டாரா என்று இருக்கும். அந்தத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்கட்டின் கீழே நின்றேன். என்னை மாடியிலிருந்து மனைவிதான் பார்த்தாள்.

“கீறாரு. வாக்கா.”

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூக்குக்குக் கீழே துண்டு சுற்றியிருந்தது. துண்டின் இடது பக்கம் உள்வாங்கி, அங்கே எலும்பே இல்லாததுபோல் தொய்ந்து கிடந்தது. பேச்சு இல்லை. “கேளு, தலையாட்டுவாரு,” என்றாள்.

புகையிலை ஏதாவது போடுகிறீர்களா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். டேப்லெட் பல கேள்விகளைத் தானாகவே தாண்டிப் போனது. மருத்துவரைப் பார்த்தீர்களா என்றேன். ஆமாம். கணக்குக்கு அவர் நல்ல விதமாக மாறியிருந்தார்.

“ஒரு வருசம் முன்ன வந்திருந்தா இவ்ளோ வெட்டியிருக்க வேணாம்னாங்க,” என்றாள் மனைவி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னாள். “இன்னும் கழுத்துல ஏதோ கீதாம். திரும்ப வரச் சொல்லிகீறாங்க.”

நான் எழுந்தபோது அவர் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தார். எதற்கென்று தெரியவில்லை.

கீழே பட்டறை வாசலில் அவருடைய கூட்டாளிகள் நான்கைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வழியை மறைத்து உட்கார்ந்திருந்த ஒருவர் சாக்கடையில் துப்பிவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னா மேடம், அண்ணன மட்டும் வந்து வந்து பாக்குற? எங்கள எல்லாம் கேக்க மாட்டியா?”

“உங்க வீடு பட்டியல்ல வரலீங்க.”

“அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லு!”

எல்லோரும் சிரித்தார்கள். முதல் முறை வந்தபோது இதே பட்டறையில் கேட்ட அதே சிரிப்பு. வழக்கமாக நான் அந்த இடத்தில் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவேன். அன்றைக்குப் பையைத் திறந்தேன். பட்டியலில் இல்லாதவர்களுக்கு அட்டையைக் காட்டக் கூடாது. அதை எடுத்து அவரிடம் கொடுத்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அட்டை கை மாறிப் போனது. ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஒருவர் டீ டம்ளரைத் தரையில் வைத்தார், ஒருவர் மாடியைப் பார்த்தார். கடைசியாக வாங்கியவர் அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய நாக்கு உள்ளிருந்து கன்னத்தை மெல்லத் தள்ளித் தள்ளித் தேடுவது வெளியே தெரிந்தது. ஓரிடத்தில் வந்து அது நின்றது.