எக்ஸ்ரேக்காரர் வண்டி பார்த்த கதை

எக்ஸ்ரேக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தனக்குத் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருஷமாக ஆஸ்பத்திரியில் ஊரார் எலும்பைப் பார்த்துப் பார்த்து வந்த வினை. மனுஷ உடம்பே தனக்கு ஒளிக்க முடியாதபோது ஒரு வண்டி எம்மாத்திரம் என்பது அவர் கட்சி.

வண்டி பதினேழு வருஷத்துப் பழைய எஸ்.யூ.வி. ஏழு பேர் உட்காரலாம். வீட்டில் இருப்பதோ மூன்றே பேர். "உங்க மூத்த புள்ள" என்றுதான் மனைவி அதைச் சொல்வாள். தெருமுனை மெக்கானிக்குக்கு 'நாளைக்கு' என்றே பெயர். எப்போது கேட்டாலும் வண்டி நாளைக்குத்தான் தயாராகும். ஒரு பிரேக் கட்டையை மாற்ற அந்த ஆள் பதினோரு நாள் இழுத்தடித்த பிறகு, இனி இந்த வண்டியில் யார் கையும் படக்கூடாது என்று எக்ஸ்ரேக்காரர் சபதம் போட்டார். ஆழம் தெரியாமல் காலை விடுவது அவருக்குப் புதிதும் அல்ல.

அதற்குப் பிறகு போனில் வீடியோ பார்ப்பதும் வண்டியைப் பிரிப்பதுமாக ஆயிற்று. பழைய ரேடியோவைக் கழற்றிவிட்டுப் பெரிய தொடுதிரை ஒன்றை மாட்டினார். அன்றிலிருந்து இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் பாட்டு நின்றுவிடும். போகட்டும், வலதுபக்கம் திரும்பும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். பிறகு ரேடியேட்டருக்கு முன்னதைவிடப் பெரிய மின்விசிறியாக ஒன்று போட்டார். சனியன் அங்கேதான் பிடித்தது.

அதே வாரம் மகளுக்கு வேலை கிடைத்தது. ஆறு மணி நேரப் பயண தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மூன்று மாதம் கழித்துப் போய்ச் சேர வேண்டும். "நானே கொண்டுபோய் விடுறேன்" என்று அவர் சொன்னபோது மகள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்து போனதை அவர் பார்த்தார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் எல்லாவற்றையும் அம்மாவிடம்தான் சொல்வாள். அவருக்குக் கிடைப்பது "சரிப்பா", "சாப்பிட்டேன்ப்பா" இரண்டும்தான். ஆறு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் ஏதாவது பேசாமலா இருப்பாள்? அந்த ஆறு மணி நேரம் அவருக்கு வேண்டியிருந்தது. வேறு எதையும் அவர் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆனால் வண்டி கொதித்தது. வாசலில் அரை மணி நேரம் ஓடவிட்டாலும் சாதுவாக நிற்கும். சாலைக்கு வந்து வேகம் பிடித்துப் பத்து கிலோமீட்டர் போனதும் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஏற ஆரம்பிக்கும். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, போகிற வருகிறவன் எல்லாம் "என்ன சார், சூடா?" என்று கேட்பதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தெர்மோஸ்டாட்டை மாற்றினார். கொதித்தது. ரேடியேட்டர் மூடியை மாற்றினார், குழாய்களை மாற்றினார். கொதித்தது. தண்ணீர் பம்பைக் கழற்றும்போது ஒரு போல்ட் தலை தனியாகக் கையோடு வந்துவிட்டது. அதன் முண்டத்தை வெளியே எடுக்கவே இரண்டு ஞாயிறு போயிற்று. விரல் முட்டியில் தோல் மிச்சமில்லை. ஆஸ்பத்திரியில் கிரீஸ் படிந்த நகத்தைப் பார்த்த ஒரு நோயாளி, "நீங்கதான் எக்ஸ்ரே எடுக்கிறவரா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

"மூணு மாசமா உங்க காலை மட்டும்தான்ப்பா பார்க்கிறேன்" என்றாள் மகள் ஒருநாள், வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கால்களைப் பார்த்து.

"பதிமூணு நம்பர் ஸ்பேனரை எடும்மா" என்றார் அவர் அடியிலிருந்து.

கிளம்ப வேண்டியதற்கு முதல் நாள் மனைவியின் அண்ணன் வந்தார், புது வண்டியில். "மாப்ளே, எதுக்கு இந்த வீம்பு? காலையில நான் கூட்டிட்டுப் போயிடறேன். ஏசி போட்டுட்டு ஜம்முனு போகலாம்."

"வேண்டாம் மச்சான். இன்னிக்குச் சரியாயிடும்."

"போன வாரமும் இதைத்தானே சொன்னீங்க?"

எக்ஸ்ரேக்காரர் இன்ஜினைக் கிளப்பினார். விசிறி ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தார். ஓடியது. மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும் பார்ப்பார். ஒவ்வொரு தடவையும் அது ஓடும். அண்ணனுக்குக் காபி கொண்டுவந்த மனைவி வண்டி முன்னால் நின்றவள், முகத்தைச் சுளித்துக்கொண்டு நகர்ந்தாள்.

"ஏங்க, இது என்ன மூஞ்சியில அனலா ஊதுது?"

"ஃபேன் ஓடுதுல்ல, காத்து வரத்தான் செய்யும்."

"காத்து உள்ள தானே போகணும்? நம்ம சமையல்கட்டு எக்ஸாஸ்ட் ஃபேனை நீங்க மாட்டினப்போ புகையெல்லாம் வீட்டுக்குள்ள வந்துச்சே, அதே மாதிரி இருக்கு."

அவர் குனிந்து விசிறியின் இணைப்பைப் பார்த்தார். இரண்டே இரண்டு ஒயர். அதை மாற்றிக் கொடுத்திருக்கிறார். விசிறி மூன்று மாதமாகத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. வண்டி நிற்கும்போது எந்தப் பக்கம் ஊதினாலும் சூடு தணிந்துவிடும், அது தெரியாது. வேகம் பிடித்ததும் எதிரே வருகிற காற்றோடு மல்லுக்கு நின்று உள்ளே விடாமல் தள்ளியிருக்கிறது. ஒயரை மாற்றிச் சொருகப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மச்சான் சிரித்த சிரிப்பு அடங்கத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. எக்ஸ்ரேக்காரருக்குத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனாலும் மறுநாள் காலை மகள் அவர் வண்டியில்தான் ஏறினாள். சாமானெல்லாம் பின்னால் ஏற்றியாயிற்று. மனைவிக்குக் கணுக்கால் வலி, அவள் வரவில்லை. பத்து கிலோமீட்டர் தாண்டியது. முப்பது தாண்டியது. முள் பாதியில் நின்றது நின்றபடி இருந்தது. அவருக்கு விசில் அடிக்கத் தோன்றியது.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள் மகள்.

"சொல்லும்மா."

"அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. வந்து..."

டக். டக்.

"ஒரு நிமிஷம் இரு, பேசாத" என்றார் அவர். பாட்டை நிறுத்தினார், கண்ணாடியை இறக்கினார். டக். "கேட்டுச்சா? பின்பக்கம். சஸ்பென்ஷன் புஷ்ஷா இருக்கும். போன மாசம்தான் மாத்தினேன்."

வண்டியை ஓரங்கட்டி அடியில் படுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கிளம்பினார்கள். அவள் மறுபடி ஆரம்பித்தாள், ஒரு வேகத்தடை வந்தது, டக். "இரும்மா, இரு." இன்னொரு தடவை நிறுத்தி வீல் நட்டையெல்லாம் முடுக்கினார். மூன்றாவது தடவை அவள் பேச்சு எடுக்கவில்லை. காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அந்தச் சத்தத்தைக் காதைத் தீட்டிக் கேட்டபடியே மிச்ச தூரத்தையும் ஓட்டினார்.

அவள் தங்கப்போகும் வீட்டு வாசலில் சாமான்களை இறக்கினார்கள். மெத்தை, இரண்டு பெட்டி, மேசை விளக்கு. கடைசியில் வண்டியின் பின்மூலையில் இருந்த இரும்பு வாளியைத் தூக்கிக் கீழே வைத்தார். அதன் கைப்பிடி சரிந்து வாளியின் பக்கத்தில் அடித்தது. டக்.

அவர் கைப்பிடியைத் தூக்கி மறுபடி விட்டுப் பார்த்தார். டக். அதே சத்தம்தான்.

"வழியில என்னமோ சொல்ல வந்தியேம்மா?" என்றார்.

மகள் வாளியைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஒண்ணும் பெருசா இல்லப்பா. அம்மாகிட்ட ஃபோன்ல சொல்லிக்கிறேன். நீங்க இருட்டுறதுக்குள்ள கிளம்புங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வண்டியில் ஏறினார். திரும்பி வந்த ஆறு மணி நேரமும் முள் நடுவை விட்டு அசையவில்லை. வண்டியில் ஒரு சத்தமும் இல்லை.