இடம் மாறித் தொங்கிய இரண்டு வில்லைகள்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் ‘பலகை சார்’ என்றுதான் அழைத்தார்கள். அவருடைய மேசைக்கு எதிரே, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு மரப்பலகை. அதில் எண்பத்தாறு வரிசைகள், வரிசைக்கு இரண்டு கொக்கிகள். இடது கொக்கியில் ஓட்டுநரின் பித்தளை வில்லை தொங்கும். வலது கொக்கியில் நடத்துநரின் அலுமினிய வில்லை. எந்த வண்டியில் யாருக்கு யார் ஜோடி என்று பதினெட்டு வருடங்களாகத் தீர்மானித்து வந்தவர் அவர்.

பலகையின் கீழே அவர் கையெழுத்திலேயே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: ‘ஜோடி மாற்றம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும். சிபாரிசு செல்லாது.’ மேலதிகாரியின் மைத்துனன் வந்து கேட்டபோதுகூட அந்தக் காகிதத்தை விரலால் காட்டிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

இருபத்துநான்கு வயதில் நடத்துநராகச் சேர்ந்தவர். ஒன்பது வருடங்கள் பணிமனை ஹாக்கி அணிக்கு கோல்கீப்பர். முழங்கால் கெட்டதும் படியேறி இறங்கும் வேலையும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. பலகை வந்து சேர்ந்தது. ஏழு வருடம் சும்மா இருந்துவிட்டு, கோச்சாக மைதானத்துக்குத் திரும்பினார். அதிலும் இப்போது பதினோரு வருடம் ஆகிவிட்டது.

இத்தனை வருட அனுபவத்திலும் ஒரு குறை இருந்தது. கோல்கீப்பராக நின்றவருக்குத் தெரிந்ததெல்லாம் தன் ஃபார்வர்டுகளின் முதுகுதான். முன்னால் அவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பது கடைசிவரை அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த சீசன் தொடங்கும் முன் கிளை மேலாளர் கூப்பிட்டுவிட்டார்.

“போன வருஷம் பத்து டீம்ல ஒன்பதாவது. அதுக்கு முந்தின வருஷம் எட்டாவது. ஏன்யா, ஏணியில இறங்கத்தான் தெரியுமா உங்களுக்கு?”

“இந்த வருஷம் ஏறிடலாம் சார்.”

“ஏறுங்க. முதல் நாலு இடத்துக்குள்ள வந்தா டீம் இருக்கும். இல்லேன்னா அடுத்த வருஷம் டீமே கிடையாது. தினம் நாலு மணிக்குப் பதினாறு பேரை பிராக்டிசுக்கு விட்டுட்டு நான் யாரை வெச்சு வண்டி ஓட்டுறது? நீங்களே சொல்லுங்க, பலகையே உங்க கையிலதானே இருக்கு?”

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது.

அணியில் ஃபார்வர்டுகள் ஆறு பேர். முதல்வன் ‘புயல்’ என்று பெயர் வாங்கிய நடத்துநர். பந்து கிடைத்தால் எதிரணி பின்னால் ஓடி வரவேண்டியதுதான். அவனுடன் ஒரே வண்டியில் போகும் ஓட்டுநர் இரண்டாவது ஆள். ஒட்டகத்தைப்போல் நெடிய கால்கள், ஆகவே ‘நெட்டை’. மூன்றாமவர் இன்னொரு ஓட்டுநர், ‘நிதானம்’. நாற்பத்தொரு வயது, சின்னத் தொப்பை, பிறந்ததிலிருந்தே அவசரப்பட்டதில்லை என்று அவர் மனைவியே சொல்வாள். நான்காவது அவருடைய நடத்துநர் ‘விசில்’. மீதி இருவரும் பட்டறைக்காரர்கள்: ஒரு வெல்டர், ஒரு பெயின்டர்.

ஒரு நேரத்தில் களத்தில் நிற்பது மூன்று ஃபார்வர்டுகள். மற்றவர்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றி இறக்கலாம். ஆறு பேரில் மூன்று பேரை மூன்று இடங்களில் நிறுத்த நூற்றிருபது வழிகள் உண்டு என்று பலகை சார் கணக்கிட்டார். அதில் ஏதோ ஒன்றுதான் சரியான வழி, தேடினால் கிடைத்துவிடும் என்று நம்பினார். தேடத் தொடங்கினார்.

காலைச் சாப்பாட்டில் அவர் தட்டிலிருந்த இட்லித் துண்டுகளை மூன்று மூன்றாகப் பிரித்து நகர்த்துவதைப் பார்த்து மனைவி சொன்னாள், “ஏங்க, அதுங்க கோல் போடாது. சாப்பிடுங்க.”

முதல் ஆட்டம் மின்வாரியத்தோடு. இருபதாவது நிமிடத்தில் நிதானம் பந்தோடு தனியாக முன்னேறிக்கொண்டிருந்தார். எதிரே கோல்கீப்பர் மட்டும். வேலிக்கு வெளியே யாரோ ஒரு ரசிகர், சைக்கிளில் போன நண்பனைப் பார்த்து, “ஹோல்டான்! ஹோல்டான்!” என்று கத்தினார். நிதானத்தின் கால் அங்கேயே நின்றுவிட்டது. பதினேழு வருடம் பேருந்து ஓட்டிய கால். நடத்துநர் வண்டியை நிறுத்தச் சொல்லும் அந்தச் சொல்லுக்கு பிரேக் போட மட்டுமே அதற்குத் தெரியும். மின்வாரியக்காரன் நடந்து வந்து பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

“அண்ணே, யாரோ இறங்கணுமாம். கதவைத் திறந்து விடுங்க!” என்றான் புயல். மைதானமே சிரித்தது. பணிமனை இரண்டு கோலில் தோற்றது.

அடுத்தது அஞ்சல் துறையுடன் ஒன்றுக்கு ஒன்று. துறைமுகத்திடம் ஒன்றுக்கு நான்கு என்று உதை. வங்கியை இரண்டுக்கு ஒன்று என்று வென்றார்கள். இரண்டுமே பெனால்டி கார்னரில் வந்த கோல்கள், ஃபார்வர்டுகளுக்கு அதில் பங்கில்லை. ஐந்தாவது ஆட்டத்தில் நூற்பாலைக்காரர்கள் மூன்று போட்டார்கள், பணிமனை ஒன்றும் போடவில்லை.

ஐந்து ஆட்டங்கள், நான்கு புள்ளிகள், ஒன்பதாவது இடம். அதற்குள் பலகை சார் இருபத்துமூன்று விதமாக ஃபார்வர்டு வரிசையை மாற்றியிருந்தார். எந்த மூவரும் சேர்ந்தாற்போல் பதினான்கு நிமிடத்துக்கு மேல் ஆடியதில்லை. ஒருவன் பந்தைத் தவறவிட்டால் வெளியே. ஒருவன் நன்றாக ஆடினால் அவனை இன்னொரு பக்கத்துக்கு மாற்றிப் பார்ப்பார். வெல்டர் ஒருநாள் கேட்டேவிட்டான்: “சார், இப்ப நான் உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?”

ஆலையிடம் தோற்ற மறுநாள் மாலை, அலுவலகத்தில் எல்லோரும் போனபின், பலகை சார் எழுந்து பலகையின் முன் நின்றார். புயலின் வேகத்தை நிதானத்தின் பொறுமையோடு சேர்த்தால் என்ன? புயலின் அலுமினிய வில்லையை எடுத்து நிதானத்தின் பித்தளை வில்லைக்குப் பக்கத்தில் மாட்டினார். விசிலுடையதை நெட்டையோடு மாட்டினார். பட்டறைக்காரர்களுக்கு வில்லை கிடையாது. மேசையில் கிடந்த ஒரு போல்ட்டையும் ஒரு நட்டையும் அவர்களாகப் பாவித்து மேலே வைத்தார். வெகுநேரம் பார்த்தார். திருப்தியாக இருந்தது. போல்ட்டையும் நட்டையும் மறக்காமல் எடுத்து மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

வில்லைகளைப் பழையபடி மாட்ட மறந்துவிட்டார்.

காலை நாலரை மணிக்கு வந்தவர்கள் பலகையைப் பார்த்தார்கள். பலகையில் இருப்பது சட்டம். அப்படியே வண்டியேறிப் போனார்கள்.

பத்து மணிக்கு நெட்டையின் வண்டி பன்னிரண்டு நிமிடம் முன்னதாக வந்து சேர்ந்தது. பேருந்துத் தொழிலில் அது தாமதத்தைவிடப் பெரிய குற்றம். விசில் மெதுவாகக் குரல் கொடுப்பவன். புயலின் கூச்சலுக்குப் பழகிய நெட்டையின் காதில் அது விழவே இல்லை. மூன்று நிறுத்தங்களைத் தாண்டிப் போய்விட்டான். ஒன்பது பேர் புகார் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

நிதானத்தின் வண்டி நாற்பத்தேழு நிமிடம் தாமதமாக வந்தது. ஓட்டுநரும் நடத்துநரும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கினார்கள்.

நிதானம் வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக நடந்து வந்தார்.

“என் கண்டக்டரை ஏன் சார் பிடுங்குனீங்க? இவன் ஆள் ஏறுறதுக்கு முன்னாடியே ரைட்டுங்குறான். நான் கண்ணாடியைப் பார்த்தா, பாட்டியோட ஒரு கால் ரோட்டுல இருக்கு! அப்புறம் எப்படி இவனை நம்பி எடுப்பேன்?”

“பாட்டி ஏறி உட்கார்ந்து தூங்கி எழுந்தாலும் இவர் எடுக்க மாட்டாரு சார்!” என்றான் புயல்.

“விசில் குரல் குடுத்தா நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன் சார். ஏழு வருஷம். அவன் ரைட்டுன்னா ரைட்டு” என்றார் நிதானம்.

பலகை சார் எழுந்து போய் இரண்டு வில்லைகளையும் பழைய கொக்கிகளில் மாட்டினார். இருபத்தேழு வருட வேலையில் முதல் மெமோ மதியம் வந்தது: ‘ஜோடிகளை அனுமதியின்றிப் பிரித்ததற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.’

மெமோவைக் கையில் வைத்துக்கொண்டு பலகையை நிமிர்ந்து பார்த்தார். கீழே அவர் கையெழுத்து: ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும். ஊருக்குத்தான் உபதேசம். வண்டியில் ஆறு மாதம் கேட்கிற மனிதர், மைதானத்தில் கால் மணி நேரம்கூடக் கொடுக்கவில்லையே!

அன்று நாலு மணிக்கு ஆறு பேரையும் உட்காரவைத்தார்.

“இனிமே நூற்றிருபது கிடையாது. ரெண்டே வண்டிதான். முதல் வண்டி புயல், நெட்டை, பெயின்டர். ரெண்டாவது நிதானம், விசில், வெல்டர். ஒவ்வொரு கால் மணி நேரத்துலயும் பாதி ஒரு வண்டி, பாதி இன்னொரு வண்டி. ஏறும்போது மூணு பேரும் ஏறணும், இறங்கும்போது மூணு பேரும் இறங்கணும். தப்புப் பண்ணாலும் யாரையும் தனியா இறக்க மாட்டேன்.”

“கால் மணியில பாதின்னா ஏழரை நிமிஷமா சார்?” என்றான் பெயின்டர். “ஏற்கெனவே நம்மளுக்கு ஏழரைதான் நடக்குது. வேற நம்பர் இல்லையா?”

“இல்ல.”

ஆறாவது ஆட்டத்தில் மூன்றுக்கு ஒன்று. ஏழாவதில் இரண்டுக்குப் பூஜ்யம். முன்பெல்லாம் களத்தில் வாயே திறக்காத விசில், நிதானத்தின் முதுகுக்குப் பின்னால் நாலடி தள்ளி ஓடிக்கொண்டே குரல் கொடுத்தான். நிதானம் திரும்பிப் பார்க்காமலே பந்தைப் பின்னால் தட்டினார்.

எட்டாவது ஆட்டத்தில் பலகை சாருக்கு பயம் வந்துவிட்டது. இரண்டுக்கு ஒன்று முன்னிலை, ஐந்து நிமிடம் பாக்கி. இன்னொன்று போட்டால் நிம்மதி என்று நிதானத்தை இறக்கிவிட்டுப் புயலை ஏற்றினார். புயலும் விசிலும் ஒரே பந்துக்குப் பாய்ந்து நெற்றியோடு நெற்றி மோதி விழுந்தார்கள். அந்தப் பந்தை எடுத்துக்கொண்டு போய் எதிரணி கோல் போட்டது. இரண்டுக்கு இரண்டு.

“மெமோவுக்குப் பதில் எங்கய்யா?” என்று கேட்டார் மேலாளர், அந்த வாரமே இரண்டாவது முறையாக.

“சீசன் முடியட்டும் சார். சேர்த்து எழுதிடறேன்.”

கடைசி ஆட்டம் தீயணைப்புத் துறையோடு. அவர்கள் பதின்மூன்று புள்ளிகளோடு நான்காம் இடத்தில் இருந்தார்கள்; பணிமனைக்குப் பதினொன்று. இடையில் பன்னிரண்டு புள்ளியோடு இருந்த இன்னோர் அணி முந்தின நாளே தன் கடைசி ஆட்டத்தில் தோற்றுவிட்டது. ஆகவே விஷயம் எளிது: ஜெயித்தால் அணி உண்டு, டிரா ஆனாலும் அணி இல்லை. மேலாளர் குடையை ஊன்றிக்கொண்டு வேலியோரம் நின்றார்.

ஒன்பதாவது நிமிடத்தில் தீயணைப்பு ஒன்று போட்டது. இருபத்தொன்றில் நெட்டை திருப்பினான். முப்பத்தெட்டில் மறுபடி அவர்கள். நாற்பத்தொன்பதில் புயல் மூவரைக் கழித்துவிட்டு ஒன்று அடித்தான். அடித்த சத்தம் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டிருக்கும். இரண்டுக்கு இரண்டு.

ஐம்பத்திரண்டரையாவது நிமிடம். பலகை சார் கையை உயர்த்தினார்: இரண்டாவது வண்டி.

வெளியே வந்த புயலுக்கு மூச்சு வாங்கவே இல்லை. “சார், நான் இன்னும் ஓடுவேன். விடுங்க சார்!”

“உன் வண்டி ஏழரை நிமிஷம் கழிச்சு.”

“ஏழரை நிமிஷத்துல மேட்சே முடிஞ்சுடும் சார்!”

“தெரியும்.”

வேலியோரம் இருந்தவர்கள் கத்தத் தொடங்கினார்கள். “யோவ் பலகை, புயலை உள்ள விடுய்யா!” “தொப்பையை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?” மேலாளரின் குடை தரையைக் குத்திக்கொண்டே இருந்தது. பலகை சார் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டாவிட்டால் ஒன்று தானாகவே உயர்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

ஐம்பத்தேழாவது நிமிடம். வெல்டர் நடுக்களத்தில் பந்தைப் பறித்து வலப்பக்கம் தள்ளினான். நிதானம் அதை வாங்கிக்கொண்டு, தன் வேகத்தில், கோல் வட்டத்துக்குள் நுழைந்தார். இரண்டு தடுப்பாட்டக்காரர்கள் அவரைத் துரத்தி வந்தார்கள். கோல்கீப்பரும் முன்னேறிப் பாய்ந்தான்.

பின்னாலிருந்து விசிலின் குரல் வந்தது: “ஹோல்டான்!”

நிதானத்தின் கால் நின்றது. மட்டைக்கடியில் பந்தும் நின்றது. துரத்தி வந்த இருவரும் நிற்க முடியாமல் அவரைத் தாண்டிப் போனார்கள். கோல்கீப்பர் வழுக்கிக்கொண்டே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தான். எதிரே கோல் திறந்து கிடந்தது.

“ரைட்!”

நிதானம் ஓரடி எடுத்து வைத்தார். பந்தைத் தள்ளினார், அடிக்கக்கூட இல்லை. பேருந்தை நிலையத்துக்குள் கொண்டுபோய் விடுவதுபோல் அது உருண்டு, கோடு தாண்டி, கோலின் பின்பலகையில் ‘டொக்’ என்று மோதி நின்றது.

முதலில் கத்தியது புயல்தான். மட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, “அண்ணே! அண்ணே!” என்று அழுகிற குரலில் கத்தினான். மிச்ச மூன்று நிமிடமும் பணிமனையின் பதினோரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் சுவர்போல் நின்றார்கள். நீண்ட ஊதல் கேட்டது. மூன்றுக்கு இரண்டு, பதினான்கு புள்ளி, நான்காம் இடம்.

நிதானத்தைத் தோளில் தூக்க நாலு பேர் முயன்றார்கள், முடியவில்லை. ஆறு பேர் வந்தபின் முடிந்தது. “மெதுவாடா, மெதுவா. அவசரம் என்ன?” என்றார் அவர் மேலேயிருந்து. புயல் பலகை சாரிடம் வந்து நின்றான். “என்னை உள்ள விட்டிருந்தா அந்த இடத்துல நான் நின்னிருக்க மாட்டேன் சார். அடிச்சிருப்பேன். கோல்கீப்பர் காலுக்கே அடிச்சிருப்பேன்” என்றான். அவர் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை மெமோவுக்கு விளக்கம் எழுதி மேலாளரின் மேசையில் வைத்தார். இரண்டே வரி: ‘ஜோடிகளைப் பிரித்தது என் தவறு. இனி எங்கும் நடக்காது.’

மாலை அது திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் மேலாளர் எழுதியிருந்தார்: ‘ஏற்கப்பட்டது. நாலு மணிப் பயிற்சி தொடரலாம்.’ அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்: ‘அடுத்த வருடம் மூன்றாம் இடம்.’

பலகை சார் அதைப் பலகையில் தன் அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டினார். பிறகு புயலும் நெட்டையும் ஒரே வரிசையில் இருக்கிறார்களா, நிதானமும் விசிலும் ஒரே வரிசையில் இருக்கிறார்களா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தார்.