எந்த சாரி என்று கேட்டவள்

வெள்ளைக்காரன் இங்கிலீஷைப் படைக்க உட்கார்ந்த நாளில் உமாஸி பாயாவை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த மொழி இப்படிச் சீரழிந்திருக்காது. ஒரே சொல்லின் தலையில் ஏழு வேலையைக் கட்டிவைத்த குற்றத்துக்காக இங்கிலாந்து தேசத்தையே வெயிலில் முட்டிபோட வைத்திருப்பாள். எங்கள் கிலிஃபி ஊர்ப் பக்கத்துச் சேவல்கள் அவளிடம் உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொண்டுதான் கூவுகின்றன. இந்துமாக்கடல் ஒருமுறை தப்பாக இரைந்து அவளிடம் திட்டு வாங்கியது. அன்றிலிருந்து எங்கள் கரையில் அலை சன்னமாகத்தான் விழுகிறது என்பார்கள். சொல்பவர்கள் அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்கள்.

சிலருக்கு மலேரியா பிடிப்பதுபோல உமாஸிக்குப் பள்ளிக்கூடத்தில் கோபம் பிடித்தது. வாத்தியார் கரும்பலகையில் 'ரைட்' என்று எழுதினார். "எந்த ரைட், சார்? வலதா, சரியா, உரிமையா?" என்று கேட்டாள். அவர் பிரம்பை எடுத்து வலது கையில் சரியாக நாலு போட்டார். மூன்றாவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வளர்ந்து கோர்ட்டில் மொழிபெயர்க்கும் வேலைக்குப் போனாள். குற்றச்சாட்டு புரிகிறதா என்று கேட்கும்படி நீதிபதி சொல்வார். இவள் கூண்டில் நிற்பவனிடம், "யோவ், சும்மா தலையாட்டாத. ஆட்டினா உள்ள போயிடுவ. புரியலன்னா புரியலன்னு வாயைத் தொறந்து சொல்லு" என்பாள். நீதிபதியின் இரண்டு சொல் இவள் வாயில் இத்தனை நீளுவது ஏன் என்று ஒருநாள் விசாரித்தார்கள். வேலை போயிற்று. "நிறுத்திட்டாங்களாமே அக்கா?" என்று எவனோ வாய்விட்டுக் கேட்டான். "அவங்க எங்கடா நிறுத்தினாங்க? நான்தான் அவங்களைச் சகிச்சுக்கறதை நிறுத்தினேன்" என்றாள்.

இப்போது போன் சார்ஜ் போடும் பெட்டிக்கடை வைத்திருக்கிறாள். ஊர்க்கூட்டம், கல்யாணம், வெளியூர் பாதிரியாரின் பிரசங்கம் என்று எங்கே இங்கிலீஷ் வந்தாலும் ஆள் அனுப்பி அழைத்துப் போவார்கள். புருஷன் சஃபாரி தென்னையேறிக் கள் இறக்குகிறவன். அவன் பகல் முழுக்க மரத்தின் மேலேயே இருப்பதற்குத் தொழில் மட்டும் காரணமில்லை.

கல் குவாரிக் கம்பெனி பவளக்கல்லை வெட்டி எடுத்துக்கொண்டு, குழியைத் திறந்தபடி விட்டுப் போனது. மழையில் அது நிரம்பியது. எங்கள் ஊர் டாமாவின் மகன் கஹிண்டி, காணாமல்போன ஆட்டைத் தேடிப் போய் அதில் விழுந்தான். ஆடு சாயங்காலம் தானாக வீட்டுக்கு வந்துவிட்டது.

டாமா ஒன்றைத்தான் கேட்டாள். குழியும் தப்பும் தங்களுடையவை என்று கம்பெனி ஊர் நடுவே சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் குழியை மூடாமல் தப்ப முடியாது. இழுத்தடித்து, கடைசியில் மேனேஜர் பார்க்கின் வருவதாகச் சேதி வந்தது.

கூட்டத்தன்று காலையில் டாமா உமாஸியின் கடைக்கு வந்தாள். "அந்தாளு ஒருதரம் மன்னிச்சிடுன்னு சொல்லிட்டா போதும்டி. படுத்துத் தூங்கிடுவேன்."

"அவன் சொன்னா நான் சொல்றேன்."

"சொல்லலன்னா?"

உமாஸி ஏற்கெனவே சார்ஜ் ஏறிய போன் ஒன்றை எடுத்து மறுபடி வயரில் மாட்டினாள்.

ஊர் அதிகாரியான சீஃபின் ஆபீஸ் முந்திரி மரத்தடியில் ஊர் கூடியது. தப்புச் செய்தவன் கள்ளுக் குடத்தோடு வர வேண்டும் என்பது எங்கள் முறை. அவன் மன்னிப்புக் கேட்டு, இழந்தவர்கள் மன்னித்தோம் என்றதும், பெரியவர்கள் செத்துப்போன பாட்டன்களுக்கென்று கள்ளைத் தரையில் ஊற்றுவார்கள். அதன் பிறகு அந்த வழக்கை எவன் கிளப்பினாலும் அவன்தான் குற்றவாளி. கம்பெனி கொண்டுவந்தது சோடாப் பெட்டிகள்.

"சோடாவை எந்தப் பாட்டனுக்கு ஊத்தறது? மண்ணுக்குள்ள ஏப்பம் விட்டுக்கிட்டே கெடப்பாங்களே!" என்றார் கிழவர் தோயா.

ஆனால் சீஃப் கத்தானாவின் நாற்காலிக்குப் பின்னால் துணி போர்த்திய குடம் ஒன்று இருந்தது. உமாஸி துணியை விலக்கினாள். சஃபாரி இறக்கிய கள். சஃபாரி அவசரமாக வேறு பக்கம் பார்த்தான்.

"இது யாரு வாங்கினது, சீஃப்?"

"கோவப்படாத உமாஸி. ரெண்டு நல்ல வார்த்தை வந்துட்டா இன்னைக்கே ஊத்தி முடிச்சிடலாம்னுதான்."

"தப்பு அவனுது, கள்ளு உம்மதா? நல்லாருக்கு நியாயம்!"

பார்க்கின் எழுந்து காகிதத்தைப் பிரித்தார். நடந்த சம்பவத்துக்குக் கம்பெனி 'சாரி' என்று இங்கிலீஷில் படித்துவிட்டு உட்கார்ந்தார். ஊர் முழுக்க உமாஸியைப் பார்த்தது.

அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் ஊரில் இரண்டு வாசல். கால் இடறினவளுக்கு, காய்ச்சல்காரனுக்கு, மழையில் நனைந்து வந்தவனுக்கு 'பொலே' என்போம். எந்தத் தப்பும் செய்யாதவனும் அதைச் சொல்லலாம், காசா, பணமா? தப்புச் செய்தவன் சொல்ல வேண்டியது 'நிசமேஹே', என்னை மன்னித்துவிடு. அது தொண்டையை அறுத்துக்கொண்டுதான் வெளியே வரும்.

உமாஸி இங்கிலீஷிலேயே கேட்டாள்: "எந்த சாரி? உங்கள் தப்பு என்று மன்னிப்புக் கேட்கிறீர்களா, பாவம் என்று பரிதாபப்படுகிறீர்களா?"

"வெறும் சாரி. தாளில் இருப்பதை மட்டும் சொல்" என்றார் பார்க்கின்.

கம்பெனியின் ஊர்த்தொடர்பு ஆள் வஃபுலா அவள் பக்கம் குனிந்தான். "நிசமேஹேன்னே சொல்லிடுங்க அக்கா. அந்தம்மாவைப் பாருங்க, பாவம்."

"அவரு அதைத்தான் சொன்னாராடா?"

"வக்கீல் எழுதிக் குடுத்தது. தப்புன்னு ஒத்துக்கற மாதிரி ஒண்ணும் இருக்கக் கூடாதாம். வாயால சொன்னா என்ன ஆயிடப் போவுது?"

"ஓஹோ! அவரு இங்கிலீஷ்ல ஒத்துக்க மாட்டாரு, அவருக்குப் பதிலா நான் நம்ம பாஷையில ஒத்துக்கணும். அங்க வக்கீலுக்கும் சந்தோஷம், இங்க ஊர் வாயும் அடைஞ்சிடும். என் நாக்கை என்ன உங்க கம்பெனி வாசல் மிதியடின்னு நெனச்சியா?"

முன்வரிசையில் டாமாவின் உதடுகள் பிரிந்திருந்தன. மன்னித்தேன் என்ற பதிலை அவள் வாயிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சீஃபின் கை குடத்தின் கழுத்தில் இருந்தது. உமாஸி ஒரு நொடியும் தயங்கவில்லை.

"'பொலே'ன்னு சொல்றாரு" என்றாள்.

"பொலேயா?" தோயாவின் குரல் கிறீச்சிட்டது. "பையன் செத்துக் கெடக்கான், கால்ல முள்ளு குத்தின மாதிரி பொலேயா?"

பொலே என்றால் 'ஆறிட்டேன்' என்று பதில் சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லும். வலிக்கிறதோ இல்லையோ, அதுதான் மரியாதை. எல்லாத் தலையும் டாமா பக்கம் திரும்பியது. அவள் எழுந்து நின்றாள்.

"நான் ஆறலை."

அப்படி ஒரு பதிலை அந்த ஊர் கேட்டதே இல்லை. பின்னாலிருந்து ஒரு பெண், "எங்களுக்கும் ஆறலை!" என்று கத்தினாள். உமாஸி சீஃபின் கையைத் தட்டிவிட்டு, குடத்தைத் தூக்கிச் சஃபாரியின் மடியில் வைத்தாள். "போய்யா, குடிக்கிறவனுக்கு ஊத்து."

பார்க்கின் என்னவென்று கேட்டார். "குழி யாருதுன்னு கேளு" என்றாள் டாமா. உமாஸி அதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் கேட்டாள்.

பார்க்கின் தாளைப் பார்த்தார். அதில் பதில் இல்லை. அதைக் கசக்கி எறிந்தார். கண் கலங்கியது. "எங்களுடையது" என்று சொல்லி, டாமாவின் முன்னால் முட்டி போட்டு, "நிசமேஹே" என்று தன் வாயாலேயே சொன்னார். மறுநாள் மண் லாரிகள் வரிசையாக வந்தன. குழி மூடப்பட்டது.

இந்தக் கதையை இதுவரை எழுதிய தாள்களை உமாஸி தன் கடையில் வைத்துப் பிடுங்கிப் படித்தாள். படித்து முடித்து, எழுதிய பையனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"லாரி வந்துச்சா?"

அவன் சுவரில் தொங்கிய வயர்களை எண்ணினான்.

"டேய், லாரி வந்துச்சாங்கறேன்."

"வரலை."

"முட்டி போட்டானா அவன்?"

"இல்லக்கா."

"பேப்பரை மடிச்சு ஜோபில வெச்சான். கார்ல ஏறினான். கண்ணாடியை ஏத்திக்கிட்டான். அவ்வளவுதான். அந்தக் குழி இன்னும் வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு." அவள் தாளை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "அவன் சொல்லாததை அவன் வாயில வைன்னு வஃபுலா என் கால்ல விழாத குறையா கேட்டான். நான் மாட்டேன்னேன். நீ யாரும் கேக்காமலே வெச்சிருக்க. நாளைக்கு அந்தக் கம்பெனிக்காரன் இதைத் தூக்கிக் காட்டி, அதான் மன்னிப்புக் கேட்டாச்சேம்பான்."

"டாமா சித்தி படிச்சா கொஞ்சம்..."

"தெரியும். கஹிண்டியும் நீயும் ஒரே பெஞ்சு. அதுவும் தெரியும்." குரல் ஒரு கணம் இறங்கி மறுபடி ஏறியது. "அப்புறம் இது என்னடா, ஒரு நொடியும் தயங்கவில்லையாம்! தயங்கினேன்டா. டாமா வாயைப் பாத்துட்டு அந்த வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்திருச்சு. முழுங்கினேன். அவ இன்னும் தூங்கறதில்ல. என்னாலதான். அதை எழுது. லாரியை அடி, முட்டியை அடி."

எழுதியவன் சட்டைப்பையைத் தடவினான். மேசைக்கடியில் குனிந்தான். வயர்களுக்கு நடுவே வெகுநேரம் துழாவினான்.

"என்ன தேடற?"

"பேனா, அக்கா. எங்கயோ..."

"காதுல இருக்கு" என்றாள் உமாஸி.