குடிலுக்கு வந்த ரயில்

என் மனைவி நத்தாருக்குக் கட்டிய இயேசு பாலன் குடிலிலிருந்து ஒரு ரயிலைத் தூக்கி வெளியே வைத்து, விருந்தாளிகள் முன்னால் அவளைக் கேலி செய்தேன். இதைவிடப் பெரிய பாவங்களும் செய்திருக்கிறேன். ஆனால் என்னை அதிகம் உறுத்தியது இதுதான்.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடலோரத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில். ரயில் போனால் கோப்பைகள் ஆடும். அந்த நத்தாருக்கு அவள் நெருப்புப்பெட்டிகளை ஒட்டி நீல வர்ணம் பூசி, குடிலுக்குள் ரயில் விட்டிருந்தாள். பாலனைக் காண வந்த மூன்று ஞானிகளில் இருவர் ரயிலுக்குள்ளே இருந்தார்கள். மூன்றாமவர் புட்போர்டில் தொங்கினார்.

நான் மெய்யியலும் இறையியலும் கற்பித்தவன். என்னோடு கற்பித்த பாதர் ஒருவரும் சில மாணவர்களும் வந்திருந்தார்கள்.

"பெத்லகேமுக்கு எந்த ஸ்டேஷனிலை இறங்கோணும்?" என்று அவளைக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "வேதத்திலை இல்லாததை இதுக்குள்ளை வைக்கப்படாது" என்று சொல்லி ரயிலை எடுத்து குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே வைத்தேன். அவள் தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

அடுத்த நத்தாருக்குக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் குடில் வந்தது. பிளக்கைச் செருகினால் நட்சத்திரம் மினுங்கும். அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அதுதான். இறையியல்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவுமில்லை.

போன வருடம், கொட்டாஞ்சேனையில் பெரியவர்களுக்கு நான் நடத்தும் மாலை வகுப்பில் ஒரு பெண் கேட்டார்: "சேர், பாலன் பிறந்த இடத்திலை மாடும் கழுதையும் நிண்டது எந்த நற்செய்தியிலை இருக்கு?"

"ஒண்டிலையும் இல்லை," என்றேன். "பழைய ஏற்பாட்டிலை ஒரு இறைவாக்கினர் மாட்டையும் கழுதையையும் பற்றிச் சொன்னவர். அதைப் பிடிச்சுக்கொண்டு விசுவாசிகள் தங்கடை கற்பனையிலை கூட்டிக்கொண்டு வந்தவை. தங்களுக்குத் தெரிஞ்ச உலகத்துக்குள்ளைதான் அவையாலை கடவுளைக் காண முடிஞ்சது."

சொல்லி முடித்ததும் எனக்கு அந்த நீல ரயில் நினைவுக்கு வந்தது. பல வருடங்களாக இதைக் கற்பித்து வந்தவன், அவளுடைய குடிலில் மாட்டையும் கழுதையையும் விட்டுவைத்து ரயிலை மட்டும் இறக்கியிருக்கிறேன்.

வரும் வழியில் நெருப்புப்பெட்டியும் பசையும் வாங்கினேன். மறுநாள் காலை சமையலறை மேசையில் நான் ஒட்டிக்கொண்டிருந்ததை அவள் எட்டிப் பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, இதென்ன, சவப்பெட்டியளோ?"

"ரயில்."

பசைக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அண்டைக்கு உம்மை எல்லாருக்கும் முன்னாலை கேலி செய்தனான். நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள்ளும்."

"எல்லாருக்கும் முன்னாலை செய்ததை இப்ப குசினியிலை வந்து சொல்லுறியள்," என்றாள். கையிலிருந்த அகப்பையைக் கீழே வைக்கவில்லை.

அவள் சொன்னது சரிதான். நத்தாருக்கு அதே பாதரை அழைத்தேன். தூரம் போகாத பழைய மாணவர்களையும் அழைத்தேன். கேக் வெட்டுமுன் எழுந்து, அன்று செய்ததையும் அது ஏன் பிழை என்பதையும் சொன்னேன்.

"அண்டைக்குப் பெலத்துச் சிரிச்சது நான்தான், அம்மா," என்றார் பாதர். "எனக்கும் சேர்த்து மன்னிச்சுவிடுங்கோ."

அவள் உள்ளே போய், பழைய சேலை போட்டு மூடியிருந்த பலகையைத் தூக்கி வந்தாள். எனக்கே தெரியாமல் அதில் குடில் கட்டியிருந்தாள். கடல், தண்டவாளம், வடை விற்கிறவர், புது நீல ரயில். நான் செய்த சவப்பெட்டிகள் ஓரமாகப் பழுதுபார்க்க நின்றன. பாதர் முழங்காலில் இருந்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தார்.

"ஞானியள் மூண்டு பேருக்கும் சீற் கிடைச்சிருக்கு. அப்ப புட்போர்டிலை தொங்கிற கண்ணாடிக்காரர் ஆர்?"

"இவர்தான்," என்று அவள் என்னைக் காட்டினாள்.

வீடு சிரித்தது. நானும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

"உள்ளுக்கு எனக்கு இடமில்லையோ?" என்றேன்.

"அடுத்த ஸ்டேஷனிலை ஆரும் இறங்கினால் பாப்பம்," என்றாள். "அதுவரைக்கும் கவனமாய்ப் பிடிச்சுக்கொள்ளுங்கோ."