கையை விடாத மாப்பிள்ளை

எங்க எருமப்பட்டிப் பக்கமிருந்து பினாங்குக்குப் போனவங்கெல்லாம் நாலு காசோட வந்தாங்க. எந்தங்கச்சி சௌந்திரத்தைக் கட்டுன குழந்தைவேலு மட்டும் கீழே உளுகக் கத்துக்கிட்டு வந்தாருங்க.

அங்கே ஒரு ஜப்பான்காரர் போட்டோக் கடையிலே வேலையாம். கடைக்குப் பின்னாலே பாயை விரிச்சு ஜூடோன்னு ஒரு குஸ்தி சொல்லிக் குடுத்தாராம். மொத ஆறு மாசம் உளுகற பாடந்தானாம். இங்கே வந்தும் தெனம் காத்தால வைக்கோலைப் பரப்பிப்போட்டு, பொத்துப் பொத்துன்னு உளுவாரு. ஊரே சிரிச்சுது. எஞ்சிரிப்புத்தான் பெருசு.

"மோதறவனை எதுத்துத் தள்ளக் கூடாதுங்க மச்சான். அவன் வேகத்துக்கு வழி உட்டுத் திருப்பிடோணும். ஆனா கையை உட்டுடக் கூடாது. உளுகறவன் மண்டைக்கு உளுக வெச்சவந்தான் பொறுப்பு"ம்பாரு.

"அப்பறம் என்ன கெரகத்துக்குச் சண்டை?"ம்பேன்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கெணறு. மாடு பூட்டிக் கவலையிலே தண்ணி எறைக்கறது ஆளுக்கொரு நாள். நாப்பத்தொண்ணாம் வருசம் சித்திரையிலே தண்ணி அடியிலே போயிருச்சு. என்ற மொளகாச்செடி வாடிக் கெடந்துது. அவரு முறையன்னிக்கு நான் முந்திப் போய் எம்மாட்டைப் பூட்டிட்டேன். தப்புத்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன்.

மனுசன் வந்து கெணத்து மேட்டுலே வடத்தைப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. "இன்னிக்கு எம்முறைங்க மச்சான். எனக்கும் செடி காயுது. அவுத்துருங்க."

குரல்கூட ஒசரலே. அதுதான் எனக்குப் பொறுக்கலே. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டுன்னு சொல்லுவாங்க. எனக்கு அன்னிக்குச் சுத்தமா இல்லே. "உளுகத்தானே தெரியும், உளுடா பாக்கலாம்!"ன்னு கத்திக்கிட்டு, தள்ளறதுக்கு ஓடுனேன். அவரு முதுகுக்குப் பின்னாலே நாப்பதடி ஆழம், அடியிலே பாறை. அதைக்கூட நெனைக்கலே பாவி.

அவரு ஒரு எட்டு ஒதுங்குனாரு. நான் போன வேகத்துலே ரெண்டு காலும் கெணத்துக்குள்ளே தொங்குது! செத்தேன்னே நெனச்சேன். அப்பறந்தான் தெரிஞ்சுது, என்ற கையை அவரு புடிச்சிருக்காருன்னு. கல்லுக்கட்டு மேல குப்புறக் கெடந்து, ஒத்தைக் கையிலே தாங்கறாரு. அவரு தோள்பட்டை மளுக்குன்னுச்சு. எனக்கே கேட்டுது.

"உட்ராதீங்க மாப்பிள்ளை"ன்னு அழுதேன்.

"உடமாட்டேனுங்க. மெதுவாக் கல்லு மேல காலை வைங்க."

ஏறி வந்து உளுந்தேன். தொங்கற கையோட அவரு கேட்ட மொதக் கேள்வி, "எங்காச்சும் அடி பட்டுச்சுங்களா?" அட சாமி! ஓன்னு அழுதுட்டேன். அன்னிக்கு அவரு வயலுக்குத்தான் எம்மாடு தண்ணி எறைச்சுது.

ராசிபுரத்து வைத்தியர் கட்டுப் போட்டும் அந்தக் கை காதுக்கு மேல எழும்பலே. ஆறு வருசமாச்சு. சந்தைக்குப் போற அன்னிக்குத் தலையிலே கட்டற உருமாலைத் துணியோட எங்கூட்டு வாசல்லே வந்து தலையைக் குனிஞ்சு நிப்பாரு. நாந்தான் கட்டியுடறேன்.

"சௌந்திரம் கட்டியுட மாட்டாளா, உங்களுக்கென்ன?"ன்னு என்ற ஊட்டுக்காரி கேப்பா.

அவ கெடக்கறா. அந்த வேலையை நான் யாருக்கும் உடமாட்டேன்.